ஓட்டு வீட்டைத் தவறவிடும் கண்

தர்மபுரி மாவட்டத்துக் கடத்தூரைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால், கண்ணில் முதலில் விழுவன வெளுத்த சதுரங்கள். அவை கான்கிரீட் தளம் போட்ட தார்சு வீடுகளின் மொட்டை மாடிகள். அடுத்து வெயிலுக்குப் பளிச்சிடும் தகரக் கொட்டகைகளும் சாம்பல் பூத்த சிமெண்ட் அட்டைக் கூரைகளும் தெரியும். வீதிகள் முடிந்து தென்னையும் கரும்பும் வெற்றிலைக் கொடிக்காலும் தொடங்கும் இடத்தில்தான் பார்வை தடுமாறும். செம்மண் நிறத்தில் ஒரு திட்டு தெரிகிறதே, அது உழுது போட்ட காடா, நாட்டு ஓடு வேய்ந்த வீடா? தென்னை நிழலில் பழுப்பாக ஒன்று கிடக்கிறதே, அது வைக்கோல் போரா, கூரை வீடா?

ஊர்க்காரரைக் கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவார். கணினிக்கு அது அவ்வளவு எளிதில்லை. அதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது: வெக்கையைத் தாங்கவென்று உள்ளூர் மண்ணிலும் மரத்திலும் கட்டிய வீடுகளைத்தான் அது அதிகம் தவறவிடுகிறது. ஊரை வடிவமைப்பவர்களும் பழைய கட்டடங்களைத் தொகுத்துப் பாதுகாப்பவர்களும் கணினியின் கண்ணை நம்பத் தொடங்கிவிட்ட காலத்தில், இதை வேடிக்கை என்று விட்டுவிட முடியாது.

முதலில் அந்தக் கண் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். கணினிக்குப் படம் என்பது எண்களின் அடுக்கு. ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். கட்டடங்களை அடையாளம் காணும் நிரல், சிறிய எண்சட்டம் ஒன்றைப் படத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போகும். நிறம் சட்டென்று மாறும் இடத்தில் 'இங்கே ஒரு விளிம்பு' என்று குறித்துக்கொள்ளும். விளிம்புகள் சேர்ந்தால் மூலை, மூலைகள் சேர்ந்தால் வடிவம், வடிவத்தோடு பக்கத்தில் விழும் நிழலும் சேர்ந்தால் வீடு. எந்தச் சேர்க்கை வீடு என்பதை யாரும் விதியாக எழுதிக் கொடுப்பதில்லை. மனிதர்கள் கையால் கோடு போட்டு 'இது வீடு' என்று காட்டிய படங்களை லட்சக்கணக்கில் பார்த்துப் பார்த்து நிரல் தானே பிடித்துக்கொள்கிறது.

இந்த வகையில் பெரிய முயற்சி, கூகுளின் ஆப்பிரிக்க ஆய்வுக்குழு 2021இல் வெளியிட்ட 'ஓப்பன் பில்டிங்ஸ்'. ஆப்பிரிக்காவின் ஒரு லட்சம் செயற்கைக்கோள் படங்களில் 17.5 லட்சம் கட்டடங்களைக் கையால் குறித்து நிரலுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 2023இல் வந்த மூன்றாம் பதிப்பு ஆப்பிரிக்காவைத் தாண்டித் தெற்காசியா, தென்கிழக்காசியா, லத்தீன் அமெரிக்கா வரை பரந்து, 180 கோடிக் கட்டடங்களை வரைபடத்தில் காட்டியது. கடத்தூரும் அந்த எல்லைக்குள் வரும் ஊர்தான்.

இந்த முயற்சியில் ஒரு பிக்சல் தரையில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். இருபதடி அகலமும் முப்பதடி நீளமும் கொண்ட ஓட்டு வீடு, படத்தில் பன்னிரண்டுக்குப் பதினெட்டு என்று சுமார் 216 பிக்சல்தான். இரண்டரை அடி அகலத் திண்ணை ஒன்றரை பிக்சல். அதுவும் தாழ்வாரத்து ஓட்டுக்கு அடியில் ஒளிந்திருப்பதால், மேலிருந்து பார்க்கிற எந்தக் கண்ணுக்கும் திண்ணை என்று ஒன்று இருப்பதே தெரியாது. இயற்கைப் பொருட்களால் கட்டிய வீடுகள் சுற்றுப்புறத்தோடு கலந்துபோவதால் கண்டுபிடிப்பது கடினம் என்று அந்த ஆய்வுக்குழுவே எழுதியிருக்கிறது. வேம்போ புங்கமோ கவிந்த கூரை என்றால் கேட்கவே வேண்டாம். வீட்டுக்காரர் நிழலுக்காக மரம் வளர்த்தார். அந்த மரமே அவர் வீட்டை வரைபடத்திலிருந்து மறைத்துவிடுகிறது.

கூரை எதனால் ஆனது என்பது ஏன் அவ்வளவு முக்கியம்? தர்மபுரிப் பக்கத்துச் சித்திரை வெயிலில் ஒரு நாள் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாட்டு ஓட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தாலும் இடையில் சந்து உண்டு. உள்ளே சூடேறும் காற்று மேலே எழும்பி அந்தச் சந்துகள் வழியே வெளியேறுகிறது. ஓடு கனமில்லாதது என்பதால் பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறிவிடும். 1860களில் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொழிற்சாலை வைத்துச் செய்யத் தொடங்கிய சீமை ஓட்டுக்கும் இதே குணம்தான், சந்துதான் கொஞ்சம் குறைவு. கான்கிரீட் தளம் நேர்மாறு. பகல் முழுக்க வெயிலைக் குடித்துத் தன் கனத்துக்குள் வைத்துக்கொண்டு, சாயங்காலத்துக்கு மேல் மெதுவாக உள்ளே இறக்கும். இரவு பத்து மணிக்கு மின்விசிறி தள்ளுவது அனல் காற்று என்றால், அது மதியத்து வெயில் இப்போது வந்து சேர்கிறது என்று பொருள். தகரமும் சிமெண்ட் அட்டையும் எதையும் சேமித்து வைப்பதில்லை. மெல்லியவை என்பதால் வெயில் ஏறும்போதே வீடும் கொதிக்கும், இறங்கும்போது இறங்கிவிடும்.

ஆக, கூரை எது என்று தெரிந்தால் அந்த வீட்டில் யார் எந்த நேரத்தில் அவதிப்படுவார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம். இந்தியாவில் இதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். பேரிடர்த் தயாரிப்பில் வேலை செய்யும் 'சீட்ஸ்' என்ற தொண்டு நிறுவனம், மைக்ரோசாஃப்ட், கிராமனர் ஆகிய நிறுவனங்களோடு சேர்ந்து 'சன்னி லைவ்ஸ்' என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியை உருவாக்கியது. நுட்பமான செயற்கைக்கோள் படத்தில் ஒவ்வொரு வீட்டின் கூரையும் எந்த வகை என்று பிரித்து, புயலிலோ வெப்ப அலையிலோ எந்த வீட்டுக்கு ஆபத்து அதிகம் என்று மதிப்பெண் போடும் மாதிரி அது. 2021 மே மாதம் யாஸ் புயல் வந்தபோது ஒடிசாவின் புரியில் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் எந்த வீடுகளுக்கு முதலில் எச்சரிக்கை சொல்வது என்று முடிவு செய்தார்கள். வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. கடலைப் பார்க்காத தர்மபுரிக்கும் இப்படி ஒரு பட்டியல் தேவைப்படும் நாள் தூரத்தில் இல்லை.

'கூரையைப் பார்த்து ஊகிப்பானேன், வெப்பத்தையே நேராக அளந்துவிடலாமே' என்று கேட்கத் தோன்றும். அங்கேயும் கண்ணி உண்டு. வெப்பக் கேமரா வெப்பநிலையை அளப்பதில்லை. பொருள் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரை அளந்து, அதிலிருந்து வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. பளபளக்கும் புதுத் தகரம் அகச்சிவப்பை மிகக் குறைவாகவே வெளிவிடும். போதாக்குறைக்கு, மேலே இருக்கும் குளிர்ந்த வானத்தைக் கண்ணாடி போலப் பிரதிபலிக்கும். தொட்டால் கை வெந்துபோகும் கூரை, படத்தில் ஊரிலேயே குளிர்ந்த கூரையாக நீல நிறத்தில் தெரியும். துருப்பிடித்த பிறகுதான் உண்மையான சூட்டைக் காட்டத் தொடங்கும்.

வானத்திலிருந்து வெப்பத்தை அளக்கும் லேண்ட்சாட் 8 செயற்கைக்கோளுக்கு வேறு குறை. அதன் வெப்பப் படத்தில் ஒரு பிக்சலுக்குப் பக்கம் 100 மீட்டர். கடத்தூர் போன்ற ஊரில் 100 மீட்டர் சதுரத்துக்குள் ஒரு வீதி, ஒரு கோயில், நாலு தென்னை, ஒரு குப்பைமேடு எல்லாம் அடங்கிவிடும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வெப்பநிலை. அதோடு அது நம் தலைக்கு மேல் கடப்பது காலை பத்து, பத்தரை வாக்கில். தார்சு வீட்டுக்காரர் தூக்கமில்லாமல் புரளும் நேரம் அதன் கணக்கிலேயே வராது. கூரையைப் பார்த்து ஊகிக்கும் முறைதான், அதன் குறைகளோடும், இப்போதைக்கு வீடு வீடாகப் பேசக்கூடியது.

இதைப் படித்துவிட்டு, 'பழைய ஓட்டு வீடே உத்தமம், கான்கிரீட் கெட்டது' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஓட்டு வீட்டில் குடியிருந்தவர்களுக்கு அதன் தொல்லை தெரியும். மழைக்கு முன்னால் ஓடு மாற்ற ஆள் பிடிக்க வேண்டும். இப்போது அந்த வேலை தெரிந்த ஆளும் அரிது, நாட்டு ஓடு சுடுபவரும் அரிது. குரங்கு ஒரு நாள் கூட்டமாக ஏறி ஓடினால் அடுத்த மழைக்கு வீடெல்லாம் பாத்திரம் வைக்க வேண்டியதுதான். தேளும் பாம்பும் சில சமயம் மேலிருந்து விழும். கரும்புத் தோகை வேய்ந்த கூரைக்கு ஒரு தீப்பொறி போதும். குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தை 2024ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது: 2030க்குள் எட்டு லட்சம் வீடுகள், வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். அதற்கு மனுப் போடுபவர்கள் ஏமாளிகள் அல்லர். என்ன கிடைக்கிறது என்று தெரிந்துதான் போடுகிறார்கள். வடிவமைப்பாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. தளம் உறுதியாகவும் இருக்க வேண்டும், இரவில் சுடவும் கூடாது என்றால் என்ன செய்வது? மேலே வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சா? கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செய்தது போல, கான்கிரீட்டுக்கு வேலை குறைவான அடிப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்துத் தளம் போடுவதா? மேற்குச் சுவருக்கு நிழல் தரும்படி ஒரு தாழ்வாரமா? எந்த வீதியில் எது பலிக்கும் என்று பார்க்க, இப்போது இருக்கிற வீடுகளின் விவரம் வேண்டும். அந்த விவரத்தைச் சேர்க்கத்தான் கணினியின் கண். எந்த வீட்டிலிருந்து அதிகம் கற்றுக்கொள்ள முடியுமோ, அதைத்தான் அந்தக் கண் தவறவிடுகிறது.

மேலிருந்து தெரியாதது தெருவிலிருந்து தெரியுமா? தெரியும், படம் இருந்தால். கூகுள் ஸ்ட்ரீட் வியூ இந்தியாவுக்கு முறையாக வந்தது 2022 ஜூலையில்தான். அதுவும் முதலில் பத்து நகரங்களுக்கு. தமிழ்நாட்டிலிருந்து சென்னை மட்டும்.

தெருப் படங்களிலிருந்து ஒரு ஊரின் கட்டட முகத்தைக் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டிய ஆய்வு 2012இல் வந்தது. 'பாரிஸைப் பாரிஸ் போலக் காட்டுவது எது?' என்பது அதன் கேள்வி. கார்ல் டோர்ஷ், அபினவ் குப்தா, அலெக்ஸி எஃப்ரோஸ் உள்ளிட்ட குழு, பன்னிரண்டு நகரங்களிலிருந்து நகரத்துக்குச் சுமார் பத்தாயிரம் ஸ்ட்ரீட் வியூ படங்களை எடுத்துக்கொண்டது. படங்களைத் துண்டு துண்டாக வெட்டி, பாரிஸில் அடிக்கடி வருவதும் மற்ற ஊர்களில் வராததுமான துண்டுகளைத் தேடச் சொன்னது. ஈபிள் கோபுரம் தேறவில்லை. அது ஊருக்கு ஒன்றுதானே. தேறியவை பால்கனியின் இரும்புக் கம்பி வேலைப்பாடு, ஒரு வகை ஜன்னல், தெருவிளக்குக் கம்பம், நீலப் பெயர்ப்பலகை. அங்கேயே வாழ்பவர் கவனிக்காமல் கடந்துபோகும் சில்லறைப் பொருட்கள். அமெரிக்க நகரங்களில் இதே நிரல் திணறி, கட்டடத்தை விட்டுவிட்டுக் கார்களைப் பொறுக்கியது.

கடத்தூரில் இதை ஓட்டிப் பார்த்தால்? என் ஊகம், முதல் சுற்றில் கட்டடம் எதுவும் தேறாது. பிறந்தநாள் வாழ்த்து ஃப்ளெக்ஸ், கட்சிக் கொடிக்கம்பம், சுவர் விளம்பரம், பேருந்தின் ஊர்ப்பலகை ஆகியவைதான் வரும். 'இவையும் ஊரின் முகம்தானே' என்றால் ஆமாம்தான். ஆனால் அவை அடுத்த தேர்தலுக்குள் மாறிவிடும் முகம். அவற்றை ஒதுக்கிவிட்டு இரண்டாம் முறை ஓட்டினால்தான் தாழ்வாரத்தைத் தாங்கும் மரத்தூண், திண்ணை, வாசல் நிலையின் வேலைப்பாடு என்று ஏதாவது மிஞ்சும்.

ஃப்ளெக்ஸ் இன்னொரு இடத்திலும் குறுக்கே வரும். தெருவில் நடப்பவர் கண்ணுக்கு எவ்வளவு மரம் தெரிகிறது என்று அளக்கும் 'ட்ரீபீடியா' திட்டத்தை அமெரிக்காவின் எம்ஐடியில் நடத்தினார்கள். சிங்கப்பூருக்கு 29.3 விழுக்காடு, பாரிஸுக்கு 8.8 என்று மதிப்பெண் போட்டது. தொடக்கத்தில் அது பச்சை நிறப் பிக்சல்களை எண்ணியது. பச்சை வண்ணம் அடித்த சுவரும் பச்சை வண்டியும்கூட மரக்கணக்கில் ஏறிவிடும் என்பதால், பிறகு வடிவத்தையும் கற்றுக்கொண்ட நிரலுக்கு மாறினார்கள். நம் ஊர்களில் பழைய முறையை வைத்திருந்தால், பச்சை ஃப்ளெக்ஸ் நிறையும் மாநாட்டு வாரத்தில் ஊர் சோலையாகிவிடும்.

இனி, தெருவில் இருக்கும் பொருட்களின் பட்டியலுக்கு வருவோம். கணினி தெருவைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால், என்னென்ன பொருட்கள் உண்டு என்று முன்கூட்டியே ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். இத்துறையில் பெயர்பெற்ற 'சிட்டிஸ்கேப்ஸ்' தொகுப்பு 2016இல் வந்தது. பெரும்பாலும் ஜெர்மானிய நகரங்கள் ஐம்பதிலிருந்து எடுத்த படங்கள். ஒரு படத்தில் கையால் கோடு போட்டு முடிக்கச் சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்தப் பட்டியலில் ஆட்டோ கிடையாது. ஹைதராபாத்தின் ஐஐஐடி ஆய்வாளர்கள் ஹைதராபாத், பெங்களூரு சாலைகளில் எடுத்த பத்தாயிரம் படங்களை 34 வகைகளாகப் பிரித்து இந்தியாவுக்கென்று ஒரு தொகுப்பு செய்தார்கள். அதில் ஆட்டோ வந்தது, விலங்கு வந்தது, விளம்பரப் பலகை வந்தது. 'சாலை இல்லை, ஆனால் வண்டி போகும்' என்று ஓர மண்தரைக்குக்கூட ஒரு வகை வந்தது. ஓட்டுநர் இல்லாத காருக்காகத் தயாரான பட்டியல் அது. எதில் மோதக்கூடாது என்பதே அதன் கவலை. அதற்குத் திண்ணையும் மதில்சுவரும் ஒன்றுதான்.

கட்டடத்துக்காக ஒரு பட்டியலை நாம்தான் எழுத வேண்டியிருக்கும். திண்ணை, தாழ்வாரம், நாட்டு ஓடு, சீமை ஓடு, அட்டை, தகரம், தார்சு, பாதி ஓடு பாதி தார்சு என்று அது நீளும். கடைசியாகச் சொன்ன வகையை வெளியூர்ப் பட்டியல் எதிலும் எதிர்பார்க்க முடியாது. நம் பக்கத்திலோ வீதிக்கு நாலு இருக்கும். முன்கட்டு தளம், பின்கட்டு ஓடு. பணம் வந்தபோது முன்னால் கட்டினார்கள், பணம் தீர்ந்ததும் நிறுத்தினார்கள். ஒரு குடும்பத்தின் வரவுசெலவே அந்தக் கூரையில் எழுதியிருக்கிறது. நிரலோ அதை இரண்டு வீடாக எண்ணும்.

பட்டியலுக்கு அடுத்து, எதைப் பாதுகாப்பது என்ற தேர்வு. தமிழ்நாட்டில் இந்தத் தேர்வைக் கையாலேயே செய்து காட்டிய இடம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜனின் முயற்சியில் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1996இல் திறந்த அருங்காட்சியகம் அது. லாரி பேக்கரும் பென்னி குரியகோஸும் வடிவமைத்தார்கள். தென்னிந்தியாவின் பழைய வீடுகளைப் பிரித்து, தூண் தூணாக எடுத்து வந்து அங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். பிரிப்பதற்கு முன்னால் எந்த உத்திரம் எந்தச் சுவரில் உட்கார்ந்திருந்தது என்று குறித்து வைத்தால்தான் இது நடக்கும். இப்படி எத்தனை வீட்டைத்தான் தூக்கி வர முடியும்? எந்த வீட்டைத் தூக்குவது என்பதும் ஏற்கெனவே எது பேர் வாங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அமையும். செட்டிநாட்டு வீடுகளுக்குப் படமும் புத்தகமும் ஏராளம். 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறிவிட்டன. கோயில்களுக்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் காப்பகத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் படங்கள் உண்டு. கடத்தூர்ப் பக்கத்து ஓட்டு வீட்டைக் கல்யாண ஆல்பத்தின் பின்னணியில்தான் தேட வேண்டும்.

வீட்டைத் தூக்காமலே பதிவுசெய்ய இப்போது வழி இருக்கிறது. ஒரே பொருளைப் பல கோணங்களில் எடுத்த படங்களில், எல்லாவற்றிலும் தென்படும் பொதுப் புள்ளிகளைக் கணினி தேடும். புள்ளிகள் படத்துக்குப் படம் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்பதிலிருந்து கேமரா நின்ற இடத்தையும் அந்தப் புள்ளியின் ஆழத்தையும் கணக்கிட்டு, முப்பரிமாண மாதிரியைக் கட்டும். 2009இல் சமீர் அகர்வாலும் நோவா ஸ்னேவ்லியும் அவர்களது குழுவும், சுற்றுலாக்காரர்கள் இணையத்தில் ஏற்றிய ஒன்றரை லட்சம் படங்களை வைத்து ரோம் நகரத்தின் சின்னங்களை ஒரு நாளுக்குள் இப்படிக் கட்டிக் காட்டினார்கள். ஓட்டு வீட்டைப் பார்க்கச் சுற்றுலாக்காரர் வரப்போவதில்லை. ஒருவர் ஒரு நல்ல கைபேசியோடு, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தோடு முக்கால்வாசி ஒத்துப்போகும்படி, வீட்டைச் சுற்றி நிதானமாக நடந்தால் போதும்.

செய்யும்போதுதான் சங்கடங்கள் தெரியும். சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரில் பிடித்துக்கொள்ளப் புள்ளியே இருக்காது. மாதிரியில் அந்த இடம் ஓட்டையாகிவிடும். ஓட்டில் புள்ளிகள் தாராளம், ஆனால் எல்லா ஓடும் ஒன்றுபோல் இருப்பதால் மூன்றாம் வரிசை ஓட்டை ஐந்தாம் வரிசையோடு கணினி பொருத்திவிட்டு, கூரையைக் கோணலாக்கும். வாசல் கோலம் அருமையான அடையாளம். அது இருந்தால் படங்கள் சுலபமாகப் பொருந்தும். ஆனால் பாதிப் படத்தை இன்றும் மீதியை நாளையும் எடுத்தால் கெட்டது. மறுநாள் காலை அங்கே வேறு கோலம் இருக்கும், கணினிக்கு அது வேறு வீடு. வெயில் ஏறிய பிறகு எடுத்தால் தென்னை நிழல் படத்துக்குப் படம் இடம் மாறி அதுவும் குழப்பும். மேகம் மூடிய நாளில் ஒரே மூச்சில் எடுப்பதுதான் நல்லது. வெள்ளைச் சுவருக்குக் கைவசம் ஒரு வழி உண்டு: ஆங்காங்கே செய்தித்தாள் துண்டுகளை ஒட்டிவிட்டு எடுக்கலாம். ஒரு ஓட்டின் நீளத்தையாவது டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மாதிரி வீடு போலவே இருக்கும், ஆனால் அது பத்தடி வீடா நூறடி வீடா என்று கணினிக்குத் தெரியாது.

இவ்வளவையும் செய்யலாம் என்பதால் செய்துவிட வேண்டும் என்று ஆகாது. கூரையைப் பார்த்து ஆபத்தைக் கணிக்கும் அதே பட்டியல், கூரையைப் பார்த்து வறுமையையும் காட்டும். வரைபடத்தில் புறம்போக்கின் எல்லைக்கோட்டை ஏற்றினால், பட்டா இல்லாமல் குடியிருப்பவர்களின் பட்டியலும் ஆகிவிடும். ஜெர்மனியில் 2010இல் ஸ்ட்ரீட் வியூ வந்தபோது சுமார் 2.44 லட்சம் குடும்பங்கள் தங்கள் வீட்டின் முகப்பை மங்கலாக்கச் சொல்லிக் கேட்டன, கூகுளும் மங்கலாக்கியது. கேட்கலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தகரக் கொட்டகையில் இருப்பவரிடம் அதை யாராவது போய்ச் சொல்ல வேண்டும், படம் எடுப்பதற்கு முன்பே. வெயிலுக்கும் புயலுக்குமான பட்டியல் பேரிடர் வேலை பார்ப்பவர்களோடு நிற்கட்டும். பொதுவில் வைக்க வீதிவாரிக் கணக்கே போதும். வீட்டின் முப்பரிமாண மாதிரியின் முதல் பிரதி வீட்டுக்காரரின் கைபேசிக்குப் போகட்டும். முன்வாசலை எடுத்துக்கொள், பொடக்காலிப் பக்கம் வராதே என்று அந்த வீட்டம்மா சொன்னால், மாதிரியில் பின்பக்கம் இல்லாமலே இருந்துவிட்டுப் போகட்டும்.